பின்னால் பருந்து

பள்ளிக்கூட வாசலில் மகள் இல்லை. இருபது நிமிடத் தாமதம்தான். கார் ஓட்டப் பழக வந்த ஒரு புண்ணியவான் பாலத்தின் நடுவே வண்டியை அணைத்துவிட்டான். அது மறுபடி கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடிக்க, டிரைவிங் டீச்சரான அம்மா இறங்கி ஓடியே வந்திருந்தாள்.

"பாப்பா புறா வண்டியில போயிடுச்சும்மா," என்றார் செக்யூரிட்டி. "யாரோ பெரியவர், 'வீட்ல விடுறேன்'னார். நான் கேட்டைச் சாத்திட்டு வர்றதுக்குள்ள, 'புறா வண்டி நல்ல வண்டி, அம்மா சொல்லிருக்காங்க'ன்னு ஏறிக்கிச்சு."

மகளிடம் அப்படிச் சொன்னது அவள்தான். பதினோரு வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஓட்டும் வண்டியை வைத்தே ஊரை எடை போட்டவள் அல்லவா! புறாச் சின்னம் போட்ட சின்னக் கார் என்றால் ரிட்டையரான வாத்தியார், நத்தைகூட முந்திவிடும். பருந்துச் சின்னம் போட்ட கறுப்பு ஜீப் என்றால் ரவுடி; இண்டிகேட்டர் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. பழக வருகிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வீட்டில் அது விளையாட்டாகவே ஆகிவிட்டது. "பின்னாடி பருந்து வந்தா?" என்று இவள் கேட்பாள். "குனிஞ்சுக்கணும்! ஓட்டுறவங்களை வேகமாப் போகச் சொல்லணும்!" என்று எட்டு வயது மகள் கத்துவாள்.

"வெள்ளைப் புறாதானே? ரைட்ல திரும்புச்சு." எதிரே நின்ற கறுப்புப் பருந்து ஜீப்பிலிருந்து ஒருவன் தலையை நீட்டினான். கழுத்தில் தடித்த சங்கிலி. "உங்க வீடு எந்தப் பக்கம்?"

"லெஃப்ட்ல."

அவன் முகம் மாறியது. "ஏறுங்கக்கா."

செக்யூரிட்டி போலீசுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அவள் ஏறிவிட்டாள். கதவு சாத்தியதும்தான் ஏறியது பருந்தில் என்று உறைத்தது. மகளைத் தேடப் போய்த் தானும் தொலையப்போகிறாளா? கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. அவனோ ஒவ்வொரு திருப்பத்திலும் இண்டிகேட்டர் போட்டான். தள்ளுவண்டிக்காரர் ஒருவர் கடக்கட்டும் என்று நின்றான். அந்த ஒழுங்கைப் பார்த்து அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"மிதிங்க தம்பி, மிதிங்க!"

பயிற்சிக் காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. இங்கே ஒன்றுமில்லை. கால் சும்மா தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

சிக்னலில் புறா நின்றிருந்தது. பின் கண்ணாடியில் இரட்டைச் சடை, ஊதா ரிப்பன். பிள்ளை முழுசாக இருக்கிறாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அதோ, என் பொண்ணு!"

ஜீப் போய் அதன் முதுகில் ஒட்டி நின்றது. அவன் ஹாரனை அழுத்தினான். மகள் திரும்பிப் பார்த்தாள். சாயங்கால வெயில் ஜீப்பின் முன்கண்ணாடியில் கண் கூச அடித்தது. உள்ளே அம்மா இருப்பது மகளுக்குத் தெரியவில்லை. தெரிந்தது பருந்து மட்டும்தான்.

அம்மா கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். "பாப்பா!"

சடைகள் சட்டென்று கீழே மறைந்தன. சின்னக் கை ஒன்று மட்டும் நீண்டு, ஓட்டுகிறவரின் தோளைப் படபடவென்று தட்டியது. பச்சை விழுந்தது. நத்தை வண்டி, பதினோரு வருடத்தில் அவள் ஒருநாளும் கண்டிராத வேகத்தில் பாய்ந்தது.