தம்பி வீட்டுப் பாலம்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் அளவுகோல். கட்டப்போகிற மெட்ரோ ஸ்டேஷன்களுக்கு ஜனங்கள் எப்படி வந்து சேர்வார்கள் என்று பார்ப்பது அவள் வேலை. அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள். வீட்டுக்காரர் ரெண்டு கரண்டி சாதம் போதும் என்றால்கூட, எந்தக் கரண்டி என்று கேட்கிற ரகம்.

ஒரு ஸ்டேஷனில்தான் சிக்கல். வழக்கம்போல அதைச் சுற்றி வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்துக்குள் குடியிருப்பவர்கள் எல்லாரும் நடந்தே வந்துவிடுவார்கள் என்பது கணக்கு. நடுவில் ஒரு கால்வாய் ஓடுவது வட்டத்துக்கு எப்படித் தெரியும்? பாதி ஜனம் அக்கரையில். ஸ்டேஷன் கண்ணெதிரே இருக்கும். போய்ச் சேர, தொலைவில் இருக்கும் சாலைப் பாலத்தைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். கால்வாய்மேல் ஒரு நடைபாலம் போட்டே ஆக வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். திட்டம் அந்த வாரம் முடிவாகிறது. அப்போது சேராத பாலம் பிறகு சேரவே சேராது.

கூட்டத்தில் அவள் பாலத்தின் இடத்தைக் காட்டியதும் தலைமைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அக்கரைல அந்த அடுக்குமாடியில உங்க சொந்தக்காரங்க யாரோ இருக்காங்களாமே?"

"என் தம்பி சார்."

"அதான் பாலம் நேரா அவர் வாசல்ல போய் இறங்குதா?"

அறையே சிரித்தது.

"கால்வாய் அங்கதான் சார் குறுகலா இருக்கு. செலவு கம்மி. யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிக்கலாமா?" என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கையெழுத்தாகாமல் கோப்பு மேசையிலேயே கிடந்தது.

அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம் என்று காட்டிவிடுவதற்காகவே மறுநாள் காலை இடத்தை நேரிலேயே அளந்து பார்க்க அக்கரைக்குப் போனாள். எத்தனையோ முறை வந்த இடம். ஆனால் எப்போதும் தம்பியின் காரில் வந்து, தம்பி வீட்டு பால்கனியிலிருந்து கால்வாயைப் பார்த்தவள். கரையோரமாக நடந்தது அன்றுதான்.

கொஞ்சம் தள்ளி, ஸ்டேஷன் வரப்போகிற கரையில் உள்ள தையல் ஆலையில் வேலை செய்கிறவர்களின் குடியிருப்பு. அங்கே கால்வாய்க்குக் குறுக்கே ஒரு பெரிய குடிநீர்க் குழாய் போகிறது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாக அதன்மேல் நடந்து போனார்கள். கீழே கறுப்புத் தண்ணீர்.

"வழுக்காதாம்மா?" என்று ஒருத்தியிடம் கேட்டாள்.

"வழுக்கும்க்கா. மழைன்னா உக்காந்து நகந்து போவோம். சுத்திப் போனா அதுக்குள்ள ஆலை கேட்டைச் சாத்திடுவாங்க."

நாளைக்கு ஸ்டேஷன் வந்தால் இந்தக் குழாய்மேல்தான் கூட்டம் இன்னும் ஏறும். அடுக்குமாடியில் வீட்டுக்கு வீடு கார் நிற்கிறது. பாலம் எங்கே வேண்டும் என்று பச்சைக் குழந்தையும் சொல்லிவிடும். தலைமைப் பொறியாளர் கேலியாகக் கேட்டது முழுப்பொய் இல்லை என்பது உறைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அலுவலகம் போன கையோடு பாலத்தைக் குழாய்ப் பக்கம் நகர்த்தினாள். செலவு கூடியது. கூடட்டும்.

தம்பி இதைப் பிறர் சொல்லிக் கேட்கக் கூடாது என்று மாலையே போய்ச் சொன்னாள். அவன் முகம் கறுத்துவிட்டது.

"ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம்னு நீ சொல்லித்தானேக்கா கடனை வாங்கி இந்த வீட்டை வாங்கினேன்?"

"வரைபடத்தைப் பார்த்துச் சொல்லிட்டேன்டா. தப்புதான்."

"எங்கக்கா பாலம் கொண்டாராங்கன்னு பில்டிங் பூரா சொல்லி வெச்சிருக்கேன். சங்கத்துல என்னைச் செயலாளரா வேற ஆக்கிட்டாங்க. இனிமே எந்த மூஞ்சியோட லிஃப்ட்ல ஏறுவேன்?"

"படியில ஏறு. உடம்புக்கு நல்லது."

சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் நல்லவ. கூடப் பொறந்தவனுக்கு மட்டும் ஒண்ணும் செய்யமாட்ட. இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராத."

"சாப்பிட்டுப் போங்கண்ணி" என்ற அவன் மனைவி, அவன் பார்த்த பார்வையில் சமையலறைக்குள் போய்விட்டாள். அக்காக்காரி தெருவுக்கு வந்த பிறகுதான் அழுதாள். இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த பிள்ளை. அழுதாளே தவிர, பாலத்தை நகர்த்தியதற்காக வருந்தவில்லை.

மறுநாள் தலைமைப் பொறியாளர் முன் புது வரைபடத்தை விரித்தாள். குழாயைச் சொன்னாள், மழையைச் சொன்னாள், உட்கார்ந்து நகர்கிற பெண்களைச் சொன்னாள். அவர் உம் கொட்டிக்கொண்டே கேட்டார். பேனா சட்டைப்பையை விட்டு அசையவில்லை.

"தம்பி என்ன சொல்றார்?" என்றார் கடைசியில்.

"வீட்டுக்கு வராதன்னுட்டான் சார்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"இனிமே யாரும் உங்களை ஒரு வார்த்தை சொல்ல முடியாது" என்றார் பெருமையாக.

குழாய்மேல் நடந்த அத்தனை பெண்களும் சேர்ந்து வாங்க முடியாத கையெழுத்தைத் தம்பியின் கோபம் ஒரு நொடியில் வாங்கிக் கொடுத்துவிட்டது. அவளுக்கு வயிறெரிந்தது. அடுத்த ஸ்டேஷனுக்கும் ஒரு நடைபாலம் கேட்க வேண்டியிருந்தது. அவளுக்கு இருந்ததோ ஒரே தம்பி.

அடுத்த வரைபடத்தை அப்போதே விரித்தாள்.

"இங்க எனக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்ல சார். ஆனாலும் பாலம் வேணும்."