ஐஸ் பெட்டியில் கை வைத்தது யார்

செவ்வாய்க்கிழமை மாலை ட்ரூடி வான்கோழியை ஊறவைக்க உப்பைக் கரைத்து ஊற்றியபோது அந்தத் தண்ணீர் பால் விடாத தேநீரின் நிறத்தில் இருந்தது. இரண்டு கேலன் தண்ணீருக்கு இரண்டு கப் உப்பு, ஒரு கப் பழுப்புச் சர்க்கரை, மிளகு, பிரிஞ்சி இலை, ஒரு ஆரஞ்சின் தோல். பதினாறு பவுண்டு வான்கோழியை நெஞ்சுப் பக்கம் கீழே இருக்கும்படி அதில் அமிழ்த்தி, சில்லிப்பு குறையாமல் இருக்க உறைந்த தண்ணீர்ப் புட்டிகள் இரண்டை மிதக்கவிட்டு, ஐஸ் பெட்டியின் மூடிமேல் ஒரு செங்கல்லை வைத்தாள். பெட்டி அவளுடைய அப்பா ஆர்விலின் கார் கொட்டகையில், சுவரோரமாக இருந்தது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மூடியைத் திறந்தபோது தண்ணீர் வெளுத்திருந்தது. பிரிஞ்சி இலைகளில் பாதியைக் காணோம். செங்கல் குறுக்குவாட்டில் கிடந்தது. அவள் நெடுக்குவாட்டில் வைத்தது நன்றாக நினைவிருந்தது.

வீட்டில் அப்போது இருந்தவர்கள் இரண்டே பேர். மான் வேட்டைப் பருவம் என்பதால் அப்பாவும் அண்ணன் கர்ட்டும் விடியும் முன்பே காட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் அவளும், சமையலறையில் வானொலி கேட்டுக்கொண்டிருந்த பெர்னடீனும்தான்.

பெர்னடீன் வசந்தத்தில் இந்த வீட்டுக்கு வந்தவள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள், அறுபத்தெட்டு வயது. வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தில் அப்பாவுக்குப் பழக்கமானாள். அம்மா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்ததால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அக்டோபரிலிருந்து ட்ரூடிக்குச் சில விஷயங்கள் உறுத்தின. அப்பாவின் தொலைபேசியைப் பெர்னடீன் எடுத்தாள். அவர் படகில் இருக்கிறார், பிறகு பேசுவார் என்றாள். அப்பா இளைத்திருந்தார். சாப்பாட்டில் ருசி என்று எதுவும் இல்லை. பனி தள்ளும் இயந்திரத்தைக் கேட்காமல் கொள்ளாமல் விற்றுவிட்டார்கள். இதெல்லாம் போதாதென்று, அரிசோனாவில் இருக்கும் பெர்னடீனின் மகள் வீட்டுக்கு இருவரும் ஜனவரியில் போய் மூன்று மாதம் தங்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. மூன்று மாதம் ஆறு மாதமாகும், ஆறு மாதம் வீட்டை விற்பதில் முடியும் என்று ட்ரூடி கர்ட்டிடம் சொல்லியிருந்தாள்.

அதனால்தான் இந்த வருடத் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றித் திருநாள் விருந்தை அப்பா வீட்டிலேயே, அப்பாவின் அடுப்பிலேயே, தானே சமைப்பதாகப் பிடிவாதம் பிடித்தாள். மேசையில் எல்லாம் சரியாக அமைந்து, அப்பா வயிறார உண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது, போகாதீர்கள் என்று கேட்பதாகத் திட்டம். உப்பு ஏறாமல் வான்கோழி சொதப்பினால் அந்தப் பேச்சை எடுக்கவே முடியாது. அது பெர்னடீனுக்கும் தெரியும் என்று ட்ரூடி நினைத்தாள்.

ட்ரூடி பெர்னடீனிடம் நேராகக் கேட்கவில்லை. இரண்டு கப் உப்பைப் புதிதாகக் கரைத்து ஊற்றினாள். பத்தரை மணிக்குப் போய்ப் பார்த்தால் மறுபடியும் வெளுத்திருந்தது. இம்முறை உப்போடு சர்க்கரையையும் சேர்த்துக் கரைத்தாள். பெர்னடீன் உருளைக்கிழங்கின் தோலைச் சீவியபடி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விசாரித்தாள். சரியாக இருக்கிறது என்றாள் ட்ரூடி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டு மணிக்கு, கிரான்பெர்ரி வாங்க மறந்துவிட்டது, கடைக்குப் போய்வர முக்கால் மணி நேரமாகும் என்று உரக்கச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள். பக்கத்துப் பண்ணையின் சோளக் குதிர் அருகே காரை நிறுத்திவிட்டு, வயல் ஓரமாகவே நடந்து திரும்பி வந்தாள். கார் கொட்டகையின் பக்கவாட்டுக் கதவைத் தள்ளினாள்.

பெர்னடீன் ஐஸ் பெட்டியின் முன் மண்டியிட்டு, சிறிய பாத்திரத்தால் தண்ணீரை முகந்து வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நல்ல தண்ணீர் நிரப்பிய இன்னொரு வாளி.

"என்ன பண்றீங்க?"

பெர்னடீன் பதறவில்லை. கையிலிருந்ததைச் சிந்தாமல் ஊற்றிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "கடைக்குப் போறேன்னு சொன்ன."

"போகல. என் வான்கோழியை என்ன பண்றீங்கன்னு கேட்டேன்."

"உப்பை எடுக்கறேன். நீ போடப் போட நான் எடுத்துக்கிட்டே இருக்கேன், இது மூணாவது தடவை. முதல்ல நீ தெரியாமத்தான் செய்யறேன்னு நெனச்சேன். திரும்பத் திரும்பப் போட்டதும் எனக்கு வேற மாதிரி சந்தேகம் வந்துடுச்சு."

"என் மேலயா? என்ன சந்தேகம்?"

"அந்தக் காகிதத்தை நீ பாத்திருப்பேன்னு. பாத்துட்டும் நீ உப்பு போடறியோன்னு."

ட்ரூடிக்குப் புரியவில்லை. பெர்னடீன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மூலையில் இருந்த உறைபதனப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, ஏதோ பேருந்து தாமதமான காரணத்தைச் சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அக்டோபரில் ஆர்வில் படகில் இல்லை, மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தார். இதயத்துக்கு வலு குறைந்துவிட்டது. காலில் நீர் கோத்துக்கொள்கிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. நாளொன்றுக்கு ஒரு சின்னக் கரண்டி உப்புக்கூட ஆகாது. பனி அள்ளவோ தள்ளவோ கூடாது, குளிரில் அலையக் கூடாது. பிள்ளைகளிடம் மூச்சு விடக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அவருக்கு மட்டும் தனியாக ஏதாவது வேகவைத்தால் ஏன் என்று கர்ட் கேட்பான். அதனால்தான் இந்த வழி.

"அரிசோனான்னு சொன்னா உங்களுக்கெல்லாம் என் மேல ஆத்திரமா வருது," என்றாள். "அங்க பனி கிடையாது. வேற ஒரு ரகசியமும் இல்ல."

ட்ரூடி வாளியைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். "அந்தக் காகிதத்தைக் காட்டுங்க."

சமையலறை இழுப்பறையில், ரப்பர் வளையங்களுக்கும் கூப்பன்களுக்கும் அடியில், மருத்துவமனையில் கொடுத்த அந்தக் காகிதம் இருந்தது. ட்ரூடி அப்பாவின் பெயரைப் பார்த்தாள். பிறந்த தேதியைப் பார்த்தாள். மருத்துவமனையில் சேர்த்த தேதியைத் தன் தொலைபேசியில் இருந்த பழைய அழைப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். எல்லாம் பொருந்தின. பிறகும் ஒருமுறை முதலிலிருந்து படித்தாள். பெர்னடீன் அதைத் தவறாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தானும் அப்படித்தான் சரிபார்த்திருப்பேன் என்பதுபோல் காத்திருந்தாள்.

"உப்பு ஆகாது. மான் வேட்டைக்குன்னு பன்னண்டு அடி மரப் பரண் மேல ஏறலாமா?" என்று கேட்டாள் ட்ரூடி.

பெர்னடீன் இழுப்பறையைத் தள்ளி மூடினாள். இந்த ஒரு பருவம் மட்டும் என்று கெஞ்சினார் என்றாள், ரொம்பத் தாழ்ந்த குரலில்.

இருவருமாக வான்கோழியைத் தூக்கித் தொட்டியில் கழுவினார்கள். உப்பில்லாத தண்ணீரில் ஊறவைத்து, சாயங்காலத்துக்குள் இரண்டு முறை தண்ணீரை மாற்றினார்கள். இவ்வளவு ஊறிய இறைச்சியிலிருந்து உப்பு எவ்வளவு வெளியேறும் என்று இருவருக்குமே தெரியாது. மேலே சேஜ் என்ற வாசனை இலையும் வெண்ணெயும் பூசுவது, ஆர்விலின் தட்டில் தோலும் கிரேவியும் இல்லாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. ட்ரூடி வெண்ணெய்ப் பொட்டலத்தைத் திருப்பி, உப்புச் சேர்க்காததுதானா என்று பார்த்துவிட்டே பிரித்தாள்.

மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு எல்லோரும் மேசைக்கு வந்தார்கள். காலையில் தனியாகவே காட்டுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியதில் கர்ட் சலிப்பாக இருந்தான். முதல் துண்டை மென்றவன், காகித அட்டையைத் தின்பதுபோல் இருக்கிறது, ட்ரூடி உப்பு போட மறந்துவிட்டாளா என்று கேட்டுவிட்டு, மேசையில் கையால் துழாவினான். உப்புப் புட்டி அங்கே இல்லை. பெர்னடீன் எழுந்திருக்கவில்லை. ட்ரூடியும் எழுந்திருக்கவில்லை.

ஆர்வில் முள்கரண்டியைக் கீழே வைத்தார். தன் தட்டில் தோல் இல்லாத வெள்ளை இறைச்சி மட்டும் இருப்பதைக் கவனித்தார். பெர்னடீனைப் பார்த்தார்.

"சொல்லிட்டியா?"

"அவங்க சொல்லலப்பா," என்றாள் ட்ரூடி. "நான் கையும் களவுமா பிடிச்சேன். கர்ட், அப்பா நாளைக்குப் பரண் ஏற மாட்டாரு."

அதை முடிவு செய்ய இவள் யார் என்று கர்ட் எரிச்சலோடு கேட்டான். பிறகு இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தான். "நேத்து வரைக்கும் இவங்களைப் பத்தி என்கிட்ட புலம்பிக்கிட்டிருந்தே. ஒரே நாள்ல உன்னையும் வளைச்சுப் போட்டுட்டாங்களா?"

ட்ரூடிக்கு முகம் சிவந்தது. பெர்னடீன் உருளைக்கிழங்குக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள், அவ்வளவுதான். சொல்ல வேண்டியவர் ஆர்வில். அவர் தண்ணீர் குடித்தார், கைத்துணியை மடித்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தபடி மகனிடம் தன் இதயத்தின் நிலையை நான்கைந்து வாக்கியங்களில் சொல்லி முடித்தார். நேற்றே பரணுக்கு ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது என்பதையும் சொன்னார். அது பெர்னடீனுக்கே புதிய செய்தி. கர்ட் கீழே நின்று துப்பாக்கிக்குத் தோட்டா போட்டுக்கொண்டிருந்திருக்கிறான், நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் இப்போது உருளைக்கிழங்குக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

இந்த வேளைக்காகத்தான் ட்ரூடி வாரம் முழுக்கத் தன் பேச்சை மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். போகாதீங்கப்பா என்று தொடங்கும் பேச்சு அது.

"அரிசோனாவுக்கு எப்ப கிளம்பறீங்க?" என்று கேட்டாள்.

ஆர்வில் கண்ணைச் சுருக்கி மகளைப் பார்த்தார். "போன வாரம் வரைக்கும் போகக் கூடாதுன்னு குதிச்சே. இப்ப என்ன? என்னை அனுப்பிட்டு நீயும் கர்ட்டும் வீட்டை வித்துடலாம்னு பாக்கறீங்களா?"

"பத்திரம் உங்க பேர்லதானேப்பா இருக்கு."

"அது எனக்குத் தெரியும்."

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் போன் பண்ணுவேன். எடுக்கறது நீங்களா இருக்கணும். உங்க குரல்தான் வேணும்." இதைச் சொன்னபோது அவள் பெர்னடீனைப் பார்த்தாள். பெர்னடீன் அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு தலையசைத்தாள்.

ஆர்வில் மூவரையும் ஒரு சுற்று பார்த்தார். பிறகு இறைச்சியில் ஒரு சிறு துண்டை வெட்டி வாயில் போட்டு, நெடுநேரம் மென்றார்.

"ஜனவரி அஞ்சு," என்றார். "அதுக்கு ஒரு நாள் முன்னாடிகூட இல்ல."