பெயர் தெரியாத மதிப்பீட்டாளருக்கு

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. வானியல் கட்டுரைகளின் கடைசியில், அநேகமாக யாரும் படிக்காத இடத்தில், அது இருக்கும்: “பெயர் தெரியாத மதிப்பீட்டாளரின் பயனுள்ள கருத்துகளுக்கு நன்றி.” அச்சேறும் முன் கட்டுரையைப் படித்துக் குறை சொல்பவர் அவர், யாரென்று இதழாசிரியருக்கு மட்டும்தான் தெரியும். புனேயில் இந்தத் தொழிலுக்குள்ளேயே என் பாதி ஆயுள் போய்விட்டது. அந்த வாக்கியத்தை நானும் பல்லைக் கடித்துக்கொண்டு எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதை எழுத முடியாமல் அழுதவள் ஒருத்திதான். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். வருகிறதா பார்ப்போம்.

2

முதல் தொடக்கம்: “எண்ணிப் பார்க்க முடியாத தொலைவில், ஒரு விண்மீன் திரளின் நடுவே, பசியோடு ஒரு கருந்துளை...”

(வேண்டாம். கருந்துளை என்றாலே எங்களுக்கெல்லாம் கை தானாகக் கவிதைக்குப் போய்விடுகிறது.)

இரண்டாவது தொடக்கம்: ஆய்வு மாணவி அபோலி கர்மர்கருக்கு உதவித்தொகை முடியப் போகிறது. ஒரு கட்டுரையாவது அச்சேறினால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். அவள் கையில் இருப்பது ஒரே ஒரு விண்மீன் திரள். அதன் நடுவிலிருந்து வரும் எக்ஸ் கதிர் ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். செயற்கைக்கோள் அதை இரண்டு நாள் விடாமல் பார்த்துக் கொடுத்திருக்கிறது.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அந்தக் கூடுதல் குறைவுக்குள் அபோலி ஒரு துடிப்பைக் கண்டுபிடித்தாள். முக்கால் மணிக்கு ஒருமுறை, தவறாமல். அவளுடைய வழிகாட்டி நிம்கர் சார் துள்ளிக் குதித்தார்.

“நாடியையே பிடிச்சுட்டியே அபோலி! நீ வைத்தியத்துக்குப் போயிருக்கணும்.”

கட்டுரையை அனுப்பினார்கள். சில வாரத்தில் மதிப்பீட்டாளரின் அறிக்கை வந்தது. அதில் கேலி இல்லை, குத்தல் இல்லை. உங்கள் செயற்கைக்கோள் பூமியைச் சுற்ற ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடத்தில் வேண்டாத துகள்கள் கருவியில் கூடுதலாக விழும். துடிப்பு அதனுடையது, திரளினுடையது அல்ல என்று எழுதியிருந்தது.*

* எங்கள் ஆட்களால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு இது. தன் கைக்கடிகாரத்தின் சத்தத்தைக் கேட்டு நோயாளி பிழைத்துவிட்டான் என்பது மாதிரி.

“நீங்களும்தானே சார் தலையாட்டினீங்க?” என்றாள் அபோலி.

“ஆட்டினேன்மா. ஒரு முட்டாள் போதாதுன்னு ரெண்டு பேரா சேர்ந்துக்கிட்டோம்.”

4

அறிக்கையில் இன்னும் ஒரு பத்தி இருந்தது. (அந்தப் பத்தி இல்லையென்றால் எனக்குக் கதையும் இல்லை.) துகள்களின் பங்கைக் கழித்துவிட்டு இரண்டாம் நாளைப் பாருங்கள், ஆற்றல் குறைந்த கதிர்கள் மங்குகின்றன, ஆற்றல் மிகுந்தவை மங்கவில்லை, குறுக்கே ஒரு வாயு மேகம் போகிறதோ?

கழித்துப் பார்த்தாள். மேகம் இருந்தது. கருந்துளைக்கு அவ்வளவு அருகில் ஒன்று கடந்து போவதைப் பிடிப்பது சாதாரண விஷயமில்லை. கட்டுரை பிழைத்துக்கொண்டது. முன்பைவிடப் பெரிதாகவும் ஆனது. அபோலிதான் என் அறைக்கு வந்து அழுதாள்.

“இது என்னுது இல்ல தாயி. அவரே எழுதியிருந்தா அவர் பேர் வந்திருக்கும். போற போக்குல எனக்குத் தூக்கிக் குடுத்துட்டாரு.”

(இங்கே அக்காவைத் தாயி என்பார்கள்.)

“வழக்கமான வரியைப் போடு. எல்லாரும் அதானே பண்றோம்?”

“அந்த வரி எனக்குக் கூசுது.”

அவரையும் கட்டுரையாசிரியராகச் சேர்க்க வேண்டும், பெயரைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று இதழாசிரியருக்கு எழுதினாள். அவர் மறுத்துவிட்டார், வழக்கமான வரியே போதும் என்கிறார் என்று பதில் வந்தது. காத்திருக்க நாளில்லை. அந்த வரியையே போட்டு, பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்தாள்: “இந்த மேகத்தை முதலில் கண்டவர் அவரே.” கட்டுரை வந்தது, ஆய்வேட்டையும் கொடுத்தாள். அவளுக்கு ஆறவில்லை.

5

“நெஜமாச் சொல்லுங்க, அந்த மதிப்பீட்டாளர் நீங்கதானே?” என்று என்னையே கேட்டாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இந்தக் கேள்விக்கு யாரும் ஆமாம் என்று சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. ஒவ்வொரு ‘இல்லை’யும் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடித்துவிடும். கடைசியில் மிச்சமிருப்பவர் மாட்டிக்கொள்வார்.

“கிச்சடி ஆறிப்போகுது, சாப்பிட வா,” என்றேன்.

6

அடுத்து நாக்பூர் கருத்தரங்கில் தாம்லே வருகிறார், எங்கள் துறையின் மூத்தவர். முந்தின வருடம் நிறைந்த அரங்கில், “பொண்ணு, நீ காட்டுறது திரளா, உன் கற்பனையா?” என்று கேட்டு அவளை மூக்கறுத்தவர். (இவரை நான் அளவுக்கு மீறிக் கசப்பாக்கிவிட்டேனோ? நிஜத் தாம்லே இதில் பாதிதான். மீதி கதைக்குப் போட்ட உப்பு.) அவர் பெயரைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பவள், இடைவேளையில் அவருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“என்ன விசேஷம்? விஷம் கிஷம் கலந்திருக்கியா?”

“சர்க்கரைதான் சார். கொஞ்சம் தூக்கலா.”

அவர் கோப்பையை வாங்கிக்கொண்டு, பக்கத்து நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்து அவளுக்கு இடம் விட்டார்.

“இவரா இருந்தா?” என்றாள் பிறகு என்னிடம். “யாரா வேணா இருக்கலாம் தாயி. யார்கிட்டயும் சண்டை போட முடியல. பெரிய தொல்லையா இருக்கு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். இத்தனை வருடம் போட்டியும் பொருமலுமாகப் போன என் தொழிலுக்கு அன்றைக்கு நான் மனதார நன்றி சொன்னேன்.

7

முடிவுகள். அவர் தாம்லேதான் என்று வைக்கலாம். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும், அதனால் பிடிக்கவில்லை. எங்கோ ஒரு ஊரில் இவளை ஒருநாளும் பார்க்கப் போகாத ஒரு பெண் என்று வைக்கலாம். சொல்லிக்கொண்டிருக்கும் நானே என்று வைத்தால் நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். அதற்காகவே அதைத் தொடப் போவதில்லை.

முடிவு உங்கள் கையில் இருக்கிறது. அபோலி இப்போது கருத்தரங்குகளுக்காக ஊர் ஊராகப் போகிறாள். புதிய முகம் எதைப் பார்த்தாலும் இவராக இருக்குமோ என்று அவளுக்கு ஒரு கணம் சந்தேகம் வரும். வானத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம், அது அவளுக்குத் தெரியாதே. என்றாவது உங்களிடமும் ஒரு கோப்பையை நீட்டுவாள். வாங்கிக்கொள்ளுங்கள். “அது நான் இல்லை” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.