காட்டுவதற்கு ஒரு சங்கிலி

இரவு வேலை முடித்து டாரல் மலையடிவாரத்துக்கு வந்தபோது விடிந்திருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் மனைவி கோரின் காத்திருந்தாள். அவன் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டால்தான் அவள் புது வேலைக்கு முதல் நாள் போக முடியும்.

சோதனைச் சாவடியில் சாலைத் துறைக்காரி வண்டியை நிறுத்தினாள். பனியில் வழுக்காமலிருக்க டயரில் மாட்டும் சங்கிலி இருந்த பையை டாரல் வழக்கம்போலத் தூக்கிக் காட்டினான். அவனுடையதுபோல நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் சங்கிலி இருந்தாலே சட்டத்துக்குப் போதும், மாட்ட வேண்டியதில்லை. அங்கே பலரும் ஏதோ ஒரு பழைய பையைக் காட்டிவிட்டுத்தான் போவார்கள்.

“இன்னிக்குக் காட்டினா போதாதுப்பா. பனி ஜாஸ்தி, எல்லா வண்டியும் மாட்டணும்.”

அவன் பனியில் மண்டியிட்டு மாட்டினான். சங்கிலி டயரில் முக்கால்வாசிதான் சுற்றியது.

“யார் வண்டியோடது இது?”

“தெரியல. பழைய சாமான் கடையில வாங்கினது.”

“நல்ல ஆளுய்யா நீ. வண்டியத் திருப்பு.”

கோரினைப் போனில் அழைத்தான்.

“சங்கிலி இருக்குன்னு சொன்னியே?”

“இருக்கு. சேரல.”

“குழந்தையையும் தூக்கிட்டே போறேன். குழந்தையோட வரக்கூடாதுன்னு வெளிய அனுப்பினா வீட்டுக்கு வந்துடறேன். நீ தூங்கு” என்றாள்.

அவன் வண்டியை ஓரங்கட்டிச் சீட்டைச் சாய்த்தான். வெட்கமாக இருந்தது. ஆனாலும் தூக்கம் வந்தது.