இல்லாத குருவுக்கு ஓர் இரங்கல் பாட்டு

கவிஞர் கண்ணாடி முன் நின்று நான்காவது சட்டையையும் கழற்றினார். பத்து மணிக்குப் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். எந்தச் சட்டையும் அவரைக் கவிஞராகக் காட்டித் தொலைக்கவில்லை. சமையலறையில் மனைவி தேநீர்க் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் கதவருகே வந்து நின்று குரலைத் தாழ்த்தினார்.

"என்னோட குருநாதர்கள் யாருன்னு கேட்டா என்ன சொல்றது?"

அவள் திரும்பவில்லை. "யார்கிட்ட கத்துக்கிட்டீங்களோ, அவங்களைச் சொல்லுங்க."

அவர் யாரிடமும் எதையும் கற்றுக்கொண்டதில்லை, அவசியமும் ஏற்படவில்லை. ஊரே முணுமுணுக்கும் பதினோரு பாடல்களையும் எழுதி மெட்டுப் போட்டவள் அவருடைய மனைவி. அவர் தன் பெயரைக் கொடுத்து உதவியிருந்தார்.

முதல் பாட்டை இசைத்தட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்ட அன்றே கவிஞரின் அண்ணன், குடும்பத்தைக் கூட்டித் தீர்ப்புச் சொல்லிவிட்டார். குடும்பப் பெண்ணின் பெயர் கண்டவன் வாயில் விழக் கூடாது. அவள் கட்டிய பாட்டு கண்டவன் வாயில் விழலாம். அதனால் குடும்ப மானத்துக்கு ஒரு கீறலும் வராது. பாட்டு வெளியே போனால் போதும் என்று அன்றைக்கு அவளும் தலையாட்டினாள்.

குரு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாக அவளுக்கு வேலை. பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிர்முனையைப் பிடித்தவள், கணவனை இழந்தபின் நல்ல காரியம் எதற்கும் யாரும் கூப்பிடாத ஓர் அக்கா. அந்த வேலையின் தாளத்தில்தான் இவள் பாட்டுக் கட்டினாள்: விரிப்பை உதறும்போது ஓர் அடி, மடிக்கும்போது இரண்டு, நெருங்கி வந்து முனையைக் கைமாற்றும்போது ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் இவள் ஒரு சொல்லைத் திணித்தபோது அக்கா துணியைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். "அங்க பாடாத. கேக்கிறவங்க கொஞ்சம் மூச்சு விடட்டும்."

இன்னொருவர் மூன்றாம் மாடியில் தொலைபேசி இணைப்புக் கொடுப்பவர், கண் தெரியாதவர். துவைத்த துணியைக் கொண்டுபோகும்போதெல்லாம் அவள் புது வரிகளைச் சொல்வாள். அவர் ஒரு காதை மட்டும் அவளுக்குத் தருவார். இந்தச் சொல்லுக்கு இங்கே வேலை இல்லை, வீட்டுக்கு அனுப்பு என்பார். அவளுடைய சொற்களில் பாதி அப்படி வீடு திரும்பியவை.

இதையெல்லாம் அவள் கோப்பையைத் துடைத்தபடியே சொன்னாள். கவிஞருக்கு வியர்த்துவிட்டது. அழுக்குத் துணி, விதவை, குருடர்: ஒரு கவிஞரின் வரலாற்றில் எதை வைப்பது? கூடத்திலிருந்த அண்ணன்தான் வழி சொன்னார். மறைந்த பேராசான் ஒருவர் இருந்ததாகச் சொல்லிவிட வேண்டியது. உயிரோடிருக்கும் குரு என்றால் என்றைக்காவது மறுப்பு எழுதிவிடுவார். ஆகவே அந்தக் குரு பிறக்கும்போதே அமரராகப் பிறந்தார். புகழை வெறுத்தவர் என்பதால் புகைப்படமும் கிடையாது.

பேட்டி பிரமாதமாக அமைந்தது. உழைப்பாளிகள் துணி மடிக்கும் தாளத்திலிருந்து பேராசான் தனக்குப் பாட்டுச் சொல்லித்தந்த விதத்தைக் கவிஞர் கண்கலங்க விவரித்தார். கேட்கிறவர்கள் மூச்சு விட இடம் கொடு என்பது அவருடைய கடைசி உபதேசமாம்.

பத்திரிகை வந்த வாரத்திலேயே பேராசானுக்குச் சீடர்கள் முளைத்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அவருக்குக் குடை பிடித்திருந்தார். கலைச்சங்கம் நினைவுக் கூட்டத்துக்கு நாள் குறித்தது. படம் வரைய முகம் வேண்டுமென்று ஓவியர் கேட்டபோது அண்ணன் தன் முகத்தைக் கொடுத்தார். தாடி மட்டும் ஓவியரின் கற்பனை.

அதுவரை அவளுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒருநாள் சலவைக்கூடத்தில் அக்கா அந்தப் பத்திரிகையை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

"பாத்தியா, நான் சொன்னதைத்தான் அந்தப் பெரியவரும் சொல்லியிருக்கார். அப்போ நான் ஏதோ உளறல."

அக்காவின் முகத்தில் அப்படியொரு பெருமை. இவளுக்குத் தலை நிமிரவில்லை. அன்று விரிப்பு மடிக்கையில் மூன்று முறை முனை தவறியது. நான்காவது முறை, அந்தப் பெரியவர் என்று யாருமே கிடையாது என்பதைச் சொல்லிவிட்டாள். அக்கா இடுப்பிலிருந்த பத்திரிகையை உருவி அழுக்குக் கூடையில் போட்டாள். பிறகு, "என் வார்த்தைக்குக்கூட ஒரு ஆம்பளை வேண்டியிருந்துச்சா?" என்று கேட்டாள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது கவிஞர் வெள்ளைத்தாளும் பேனாவுமாகக் காத்திருந்தார். குருவுக்கு ஓர் இரங்கல் பாட்டு வேண்டும். உருக்கமாக, மூன்று சரணம் போதும்.

"அவர்கிட்ட படிச்சது நீங்கதானே," என்றாள் அவள். "நீங்களே எழுதுங்க."

அவர் கெஞ்சினார். அண்ணன் மிரட்டினார். அவள் தாளைத் தொடவில்லை.

கூட்டத்தில் கவிஞர் மேடையேறி, தாடி வைத்த அண்ணனின் படத்தைப் பார்த்தபடி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. முழுதாக இரண்டு நிமிடம் நின்றுவிட்டு இறங்கினார். அரங்கம் விம்மியது. மௌனமே அவருடைய ஆகச் சிறந்த பாடல் என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. அந்த ஒன்று உண்மையிலேயே அவர் இயற்றியது என்பதை அவளும் ஒப்புக்கொண்டாள்.

பன்னிரண்டாவது பாட்டை அவளே நிறுவனத்துக்கு எடுத்துப்போய் முதலாளி முன் பாடினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். நன்றாக இருக்கிறது, ஆனால் அப்படியே கணவர் பாணி என்றார். "எங்க வீட்டுக்காரர் இங்க வந்து உக்காந்து ஒரு வரி எழுதிக் காட்டட்டும். எழுதிட்டா அவர் பேரையே போட்டுக்கோங்க," என்றாள். முதலாளி அப்போதே தொலைபேசியில் அழைத்தார். கவிஞருக்கு அன்று உடம்பு சரியில்லையாம். மறுநாளும் சரியில்லை.

வேறு வழியின்றி நிறுவனம் அவள் பெயரையே போட்டது. ஒப்புதலுக்கு வந்த இசைத்தட்டு உறையின் மாதிரித்தாளில் அந்தப் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், 'கணவரின் வழிகாட்டலில்' என்று ஒரு வரி இருந்தது.

அவள் அதைச் சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். ஆஸ்பத்திரித் துணியில் வார்டு எண் எழுதும் பேனாவை அக்கா எடுத்துக் கொடுத்தாள். மடிப்பு மேஜையில் தாளை விரித்து அந்தச் சின்ன வரியைக் குறுக்கே அடித்தாள் அவள். கொதிநீரில் எத்தனை முறை போட்டு எடுத்தாலும் போகாத மை அது.