பெர்மனன்ட் ஷூ

எல்லாம் கழற்றியாகிவிட்டது. கடைசியாக மிச்சமிருந்தது சாக்ஸ்தான்.

குவார்ட்டர்ஸின் பின்பக்கம், துவைக்கிற கல்லை ஒட்டி, நாலு பக்கமும் போர்வை கட்டி மறைத்திருந்தார்கள். பெஞ்சின் மேல் அப்துல் மஜீது கிடந்தார். இடுப்பிலிருந்து முட்டிவரை வெள்ளைத் துணி. மறைப்புக்குள் இருந்தது இரண்டே பேர்: பள்ளிவாசல் மோதினாரும் மகன் ரியாசுதீனும். மாமி மகன் ஜுல்பிகர் வெளியே நின்று தண்ணீர் வாளியைப் போர்வைக்கு மேலாக நீட்டிக்கொண்டிருந்தான்.

“சூடு பதமா இருக்கா பாரு தம்பி,” என்றார் மோதினார்.

ரியாஸ் தண்ணீரில் கையை விடவில்லை. சட்டையைச் சுருட்டிக்கொண்டு முழங்கையை விட்டுப் பார்த்தான். அவன் விரல்களுக்குக் கொதிக்கிற தண்ணீரும் ஒன்றுதான், பானைத் தண்ணீரும் ஒன்றுதான். முழங்கையால் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் இதோ பெஞ்சில் கிடக்கிறவர்தான்.

“சரியா இருக்குங்க.”

மோதினார் ஒவ்வொரு மையத்தையும் குளிப்பாட்டும்போது சொல்வதை இப்போதும் சொன்னார். “குளிப்பாட்டறவங்க பார்த்தத வெளிய சொல்லக் கூடாது. ஒடம்புல என்ன குறை இருந்தாலும் அது அவருக்கும் அல்லாவுக்கும். தெரியுமில்ல?”

ரியாஸ் தலையாட்டினான். மோதினார் சாக்ஸை உருவினார்.

முப்பத்தொரு வயதில் அன்றுதான் ரியாஸ் அத்தாவின் வெறும் காலைப் பார்த்தான். நம்புவதற்குக் கஷ்டம்தான், ஆனால் அதுதான் உண்மை. வேலைக்கும் கல்யாணத்துக்கும் கடைத்தெருவுக்கும் அவர் வேலை பார்த்த சுரங்கத்தில் கொடுத்த கணுக்கால் உயர ஷூதான். வீட்டுக்குள் சாக்ஸ். “ஷூ போட்டுப் போட்டு ஒரே சேத்துப்புண்ணு, நீ பாக்காத” என்பார். தொழப் போனாலும் வீட்டிலேயே கைகால் கழுவி ஒளு செய்துகொண்டு சாக்ஸோடுதான் போவார். பெர்மனன்ட் ஆனவனுக்குத் தலையில் கொம்பு முளைக்கும், மஜீதுக்கு மட்டும் காலில் முளைத்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக் கருப்பசாமி கிண்டலடிப்பார். ‘பெர்மனன்ட் ஷூ’ என்றே பெயர் வைத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு காலை உயரத் தூக்கி டொப், டொப் என்று வைத்து அத்தா நடந்து வந்தால் அவர் தங்கை மெகருன்னிசா மாமிக்குப் பெருமை தாங்காது. “எங்கண்ணன் நடை இன்ஸ்பெக்டர் நடை!”

இன்ஸ்பெக்டர் நடையாவது ஒன்றாவது.

பாதம் நடுவில் வில்லாக வளைந்து தூக்கியிருந்தது. விரல்கள் மடங்கி நகங்கள் உள்ளங்காலைத் தேடின. கெண்டைக்காலில் சதை என்று ஒன்றில்லை. குதிகாலில் பழைய தீக்காயம், எப்போது சுட்டது என்று அவருக்கே தெரிந்திருக்காது. ரியாஸ் ஈரக் கல்லில் நின்ற தன் காலைக் குனிந்து பார்த்தான். உரித்து வைத்தாற்போல் இருந்தது.

மோதினாரும் அந்தக் காலைப் பார்த்தார், இந்தக் காலைப் பார்த்தார். “பார்த்தது இந்தத் தண்ணியோட போவட்டும் தம்பி,” என்று மட்டும் சொன்னார்.

ரியாஸுக்கு ஒன்பது வயதில் ஆரம்பித்தது. காலிலிருந்து செருப்பு நழுவிப் போனதே தெரியாமல் பள்ளிக்கூடத்திலிருந்து ஒற்றைச் செருப்போடு வருவான். ஆணி குத்தி ரத்தம் வழிவதை மற்றவர்கள்தான் பார்த்துச் சொல்வார்கள். பாண்டிச்சேரியில் பெரிய டாக்டர் சொன்னார்: நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிற வியாதி, காலில் தொடங்கிக் கைக்கு வரும், உயிருக்கு ஒன்றுமில்லை, மருந்தும் இல்லை. “பரம்பரையா வர்றது. உங்க குடும்பத்துல யாருக்காவது இருக்கா?”

அத்தா ஷூக்காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். “எங்க பக்கம் யாருக்கும் இல்லைங்க.”

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அன்றோடு தீர்ந்தது கதை. அவன் விழுந்தால் அம்மா ரத்தம், அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை என்றால் அம்மா ரத்தம். அவனுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போனதும் அம்மா தலையில்தான் விடிந்தது. ஜுல்பிகருக்குப் பெண் பிறந்தபோது அம்மா ஆசையாகக் கையை நீட்டினாள். “வாணாம் சாஜிதா, உன் கை படவாணாம்,” என்று நாலு பேர் முன்னால் குழந்தையை எட்ட எடுத்துக்கொண்டாள் மாமி. மாமி என்ன, ரியாஸே சொல்லியிருக்கிறான். பன்னிரண்டு வயதில், விளையாட்டில் யாரும் சேர்க்காத ஒரு சாயங்காலம், “உன் வயித்துல ஏன் பொறந்தேன்” என்று கத்தினான். அம்மா அவன் காலில் குத்தியிருந்த முள்ளை எடுத்தாள்.

கபன் துணி சுற்றி முடிந்ததும் ரியாஸ் கம்பை ஊன்றிக்கொண்டு உள் அறைக்குப் போனான். செத்துப்போனவர் மேல் இப்படி ஒரு கோபம் வரும் என்று அவன் நினைத்ததே இல்லை. அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் எதிர்ச் சுவரோரம் மாமியைச் சுற்றிப் பெண்கள்.

அம்மா அவன் முகத்தைப் பார்த்ததுமே குரலைத் தணித்தாள். “பார்த்துட்டியா?”

“எப்பலேர்ந்தும்மா?”

“கல்யாணத்துக்கு முன்னாடியே. உன் அளவுக்கு இல்ல, கணுக்கால இறுக்கிக் கட்டிட்டா நடந்துடுவாரு. உனக்கு வந்தப்ப அவரு பெர்மனன்ட் ஆயி ஆறு மாசம். தெரிஞ்சா அன்ஃபிட்னு அனுப்பிடுவாங்கன்னு பயந்துகினே கெடந்தாரு. இந்த வூடு போவும், உன் வைத்தியம் போவும். பாண்டிச்சேரி பஸ்ஸுல நாந்தான் சொன்னேன், பழிய என் மேல போட்டுடுங்க, எனக்கு எந்த வேல போவப்போவுதுன்னு.”

“இருபத்திரெண்டு வருசமாம்மா?”

“ரிடையர் ஆன மறுநாளே மெகரு கிட்ட சொல்லிடறேன்னாரு. இன்னும் நாலு மாசந்தான...”

“நானும் உன்னச் சொன்னேனேம்மா.”

“சின்னப் பிள்ள நீ. வேற யார் மேல கோவப்படுவ?”

“இப்பவே மாமி கிட்டப் போய்ச் சொல்றேன்.”

அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “கூடாது. குளிப்பாட்டுன கை இது. அவரு மானம் இப்ப உன் கிட்ட இருக்குது.”

வாசலில் அத்தாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்க ஆட்கள் கூடிவிட்டார்கள். ஜுல்பிகர் வந்து மெதுவாகச் சொன்னான். “மச்சான், நீ வண்டியில வந்துடு. கம்ப ஊனிக்கினு எப்படித் தோள் குடுப்ப?”

சொன்னதில் தப்பில்லை. ஒரு கையில் கம்பு, காலை இழுத்து இழுத்து நடக்கிறவன் தோளில் யார்தான் பாரத்தை நம்பி வைப்பார்கள்? ரியாஸ் வாசற்படியைப் பார்த்தான். அத்தாவின் ஷூ அங்கேயே கிடந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து அன்று காலையில் வந்தவர் படியில் உட்கார்ந்து, “சாஜிதா, அவுத்து வுடு” என்றார். தினமும் கட்டுவதும் அவிழ்ப்பதும் அம்மாதான். அவர் விரல்களுக்குக் கயிறு பிடிபடாது. ராஜா மாதிரி பெண்டாட்டியை ஷூ கட்ட வைக்கிறார் என்று ஊர் பேசியது. அம்மா ஒரு ஷூவைக் கழற்றியபோதே அவர் கதவு நிலையில் சாய்ந்துவிட்டார்.

சொல்லத்தானே கூடாது?

ரியாஸ் ஷூ இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் முன்னால் வைத்தான்.

“வேணாண்டா ரியாசு.”

“நான் ஒண்ணும் சொல்லலையேம்மா. தோள் குடுக்கணும். ரெண்டு கையும் வேணும் எனக்கு.”

அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஷூவை இழுத்து அவன் காலில் மாட்டினாள். அளவு சரியாக இருந்தது. தினமும் கட்டுகிறபடியே கயிற்றைக் கணுக்காலில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள். கயிற்றிலிருந்த கரித்தூள் அவள் விரலெல்லாம் அப்பியது.

“என்னடா கூத்து இது?” மாமி கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள். “மவுத்தாப் போனவரு ஷூவ மாட்டிக்கினு...”

ரியாஸ் கம்பைச் சுவரில் சாத்திவிட்டு எழுந்தான். கணுக்கால் மடங்கவில்லை. காலை உயரத் தூக்கி ஓர் அடி வைத்தான். சிமெண்டுத் தரையில் டொப் என்றது. இன்னோர் அடி. டொப்.

மாமி சட்டென்று அவன் காலைப் பார்த்தாள். அவன் கூடத்தைத் தாண்டி, படி இறங்கி, வாசலைக் கடக்கும்வரை அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற கருப்பசாமி யார் வருகிறது என்று வெடுக்கென்று திரும்பினார். பிறகு ஷூவைப் பார்த்தார், தலைத்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜுல்பிகர் முன்பக்கத்தில் இடம் விட்டான். ரியாஸ் குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து, அத்தாவைத் தோளில் ஏற்றிக்கொண்டான். கலிமா சொல்லிக்கொண்டு எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

தெருப்பக்கம் திரும்பும்போது திறந்திருந்த கதவு வழியே வீடு தெரிந்தது. எதிர்ச் சுவரோரம் மாமி இல்லை. அவள் உள் அறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். மாமி அம்மாவின் கையைத் தன் மடியில் வைத்து, முந்தானையால் விரல் விரலாகக் கரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.