வாய்ப் படம்

ஒரு தாளில் பன்னிரண்டு வாய்கள். லென்ஸ் அக்கா தாளை விளக்குக்கு நேரே இழுத்து வைத்து, ஒவ்வொரு வாயாகக் குனிந்து பார்த்தாள். சிகரெட் பெட்டிக்கான அட்டை அது. வெட்டி மடித்தால் பெட்டியின் முகத்தில் பெரும்பகுதி இந்தப் படம்தான்: பிளந்த வாய், சிவந்த கன்னம், கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு. மை கூடிப்போனால் வெள்ளை சிவப்பில் கரைந்துவிடும், தாள் கழிவுப் பெட்டிக்குப் போகும். வெள்ளை பளிச்சென்று, ஓரம் பிசிறாமல் விழுந்தால் தாள் தேறியது. ஆறு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவள் பார்ப்பது இதைத்தான். கையை விட்டு இறங்காத லென்ஸால் அச்சகத்தில் அவளுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

சேர்ந்த முதல் வாரம் சாப்பாடு தொண்டைக்குள் இறங்கவில்லை. பிறகு பழகிவிட்டது. இப்போது அந்த வாய்க் கட்டுகளின் மேலேயே டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிடுகிறார்கள். "உன் ஆளு இன்னிக்குக் கொஞ்சம் வெளுத்திருக்கான் பாருக்கா" என்று வெட்டும் மெஷின்காரி கிண்டலடிப்பாள்.

வேன் ஓட்டும் அவள் கணவர் இன்னும் கெட்டிக்காரர். கடையில் வாய்ப் படம் போட்ட பெட்டியை நீட்டினால் வாங்கமாட்டார். கால் அழுகிய படம் போட்டதைக் கேட்டு வாங்குவார். கால் நன்றாகத்தானே இருக்கிறது, பயமில்லாமல் பிடிக்கலாமாம். அவளும் திட்டிப் பார்த்துவிட்டாள்.

"அந்தப் படத்தை எதுக்குப் போடுறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியாம என்ன? உனக்கு ஒரு வேலை கிடைக்கணும்னுதான்."

அன்று காலை அவர் கண்ணாடி முன்னால் நின்று, கன்னம் ஒரு மாதமாக எரிகிறது என்று முனகினார். "டீ சூடு பட்டிருக்கும்போல. நீதான் நல்லாப் பார்ப்பியே, பாரு." அவள் அவர் முகவாயைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். திறந்த வாயில், இடது கன்னத்தின் உள்ளே வெள்ளை. "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு ஓடிவந்து வேலையில் உட்கார்ந்தாள்.

நான்காவது தாள், ஏழாவது வாய். லென்ஸ் அப்படியே நின்றுவிட்டது. வெள்ளை பளிச்சென்று இருந்தது, ஓரம் பிசிறில்லை. காலையில் அவள் பார்த்ததும் இதைத்தான். புருஷன் வாயைத் தேறியது என்று தள்ளிவிட்டு வந்திருக்கிறாள்!

பையைக்கூட எடுக்காமல் வெளியே ஓடி அவருக்குப் போன் போட்டாள்.

மருத்துவமனையில் டாக்டர் அந்தத் திட்டிலிருந்து துளி சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் வீட்டில் கிண்டல் இல்லை. அவர் ருசி தெரியாதவர் மாதிரி சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், அலமாரியைக் காட்டி, "வேன் பத்திரமெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு" என்றார். அவள் காதில் விழாதது போலத் துணி மடித்தாள்.

பத்தாம் நாள் டாக்டர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு வயிற்றில் பால் வார்த்தார். "கேன்சர் இல்லை. ஆனா இப்படியே விட்டிருந்தா அதுல கொண்டுபோய் விட்டிருக்கும். புகையை இன்னியோட தலைமுழுகிடுங்க. மூணு மாசத்துக்கொரு தடவை வந்து காட்டணும்." பிறகு அவளைப் பார்த்தார். "வாயைத் திறக்க முடியாமப் போனப்புறம்தான்மா நிறையப் பேர் வருவாங்க. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"என் வேலையே அதைப் பார்க்கிறதுதாங்க."

தெருவுக்கு வந்ததும் அவர் சட்டைப்பையிலிருந்த பெட்டியை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். "கால் படம்னு நினைச்சு ஏமாந்துட்டேன்" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இருவரும் டீ வாங்கினார்கள். அவர் ஊதி ஊதி, பச்சைத் தண்ணீராக ஆறிய பிறகே குடித்தார். இப்படியொரு நல்ல டீயை அவள் வாழ்நாளில் குடித்ததில்லை.

மறுநாள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே அச்சகத்துக்குப் போனாள். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிய நாளுக்கும், முடிவு கேட்கப் போன நேற்றைக்கும் சேர்த்து லீவுக் கடிதம் எழுதி மேலாளரிடம் நீட்டினாள். 'சிகரெட்டினால் கணவரின் வாயில் வெள்ளைத் திட்டு, மருத்துவமனைக்குச் சென்றோம்' என்று இருந்தது.

மேலாளர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வர்ற வாரம் சிகரெட் கம்பெனிக்காரங்க வர்றாங்கம்மா. ஃபைலெல்லாம் புரட்டுவாங்க. இதெல்லாம் எழுத்துல வேணாம்."

"நடந்ததைத்தானே சார் எழுதியிருக்கேன்?"

"அதான் நல்லபடியா முடிஞ்சுதில்ல? காய்ச்சல்னு எழுதிக் குடும்மா. ரெண்டு நாளும் பாஸ் பண்ணிடறேன்."

அவள் இருந்த சந்தோஷத்தில் சண்டை போட மனம் வரவில்லை. 'கணவருக்குக் காய்ச்சல்' என்று புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேலாளர் அதை ஃபைலில் கோத்தார். முதல் கடிதத்தை நான்காகக் கிழித்து, மேஜைக்கருகே இருந்த கழிவுப் பெட்டியில், வெள்ளை தெரியாத வாய்களின் மேல் போட்டார்.